ரசச் சொம்பும் வலைக் குண்டும்

மாதேஸ்வரன் மலைக்குப் போய் வந்த சங்க அன்பர்களுக்குக் கௌதள்ளியைத் தெரிந்திருக்கும். கொள்ளேகாலத்தில் பஸ் ஏறி, ஹனூர் தாண்டினால் வருகிற ஊர். கொள்ளேகால் வட்டம் 1956 வரை சென்னை மாநிலத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. பிறகு மைசூர் மாவட்டத்தோடு சேர்ந்தது. 1997-இல் சாமராஜநகர் மாவட்டம் பிரிந்தபோது அதற்குப் போனது. வரைபடத்தில் கோடு எப்படி மாறினாலும் அந்த ஊரில் தமிழும் கன்னடமும் ஒரே திண்ணையில் உட்கார்ந்துதான் பேசிக்கொள்கின்றன. என் மனைவி பிறந்த ஊர் அது. ரயில்வேயில் 38 ஆண்டுகள் வேலை பார்த்து 2020-இல் ஓய்வு பெற்ற பிறகு, வருஷத்தில் பாதி நாள் எனக்கு அங்கேதான் வாசம். மீதி நாள் மைசூரில்.

2024-ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு நாள் மாலை நடை போயிருந்தேன். பழைய பேட்டரி வாங்கி விற்கும் கொட்டகை ஒன்றின் பின்புறம் புகை வந்துகொண்டிருந்தது. எட்டிப் பார்த்தேன். மூன்று கல் கூட்டி, விறகு எரித்து, இரும்புச் சட்டியில் பேட்டரித் தகடுகளை உருக்கிக்கொண்டிருந்தார் ஒருவர். முப்பத்தைந்து வயது இருக்கும். பக்கத்தில் ஐந்து வயதுப் பையன் ஒருவன் மண்ணில் சிந்தி உறைந்த துளிகளைப் பொறுக்கி உள்ளங்கையில் வைத்து அழகு பார்த்துக்கொண்டிருந்தான். அது வெள்ளி மாதிரிப் பளபளக்கும். எந்தக் குழந்தைக்குத்தான் ஆசை வராது!

"என்னப்பா ஊற்றுகிறாய்?" என்றேன்.

"வலைக்குக் குண்டுங்க அய்யா. ஆத்துல மீன் புடிக்கறவங்க கேட்டிருக்காங்க. ஈயக் குண்டு இல்லாட்டி வீச்சு வலை முங்காதுங்களே."

எனக்கு உடனே வாத்தியார் வேலை பார்க்கும் ஆசை வந்துவிட்டது. இந்தப் புகை ஆகாது, பையனை வீட்டுக்குள் அனுப்பு, கையைக் கழுவாமல் சாப்பிடாதே என்று பத்து நிமிஷம் பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"எங்கப்பா காலத்துல இருந்து ஊத்தறோமுங்க. அது இருக்கட்டும், உங்க வீட்டு ரசச் சொம்பும் ஈயந்தானுங்களே? அதுல ரசம் வெச்சுத்தானே நீங்க எல்லாம் குடிக்கறீங்க?"

சிரித்துவிட்டேன். அது வேறு ஈயம், இது வேறு ஈயம் என்று விளக்கினேன். நம் தமிழில் இரண்டுக்கும் பொதுவாக 'ஈயம்' என்று சொல்லிப் பழகிவிட்டோம். ரசச் சொம்பு செய்வதும், பித்தளைப் பாத்திரத்தை நவச்சாரம் போட்டுத் தேய்த்து உள்ளே பூசுவதும் வெள்ளீயம். பேட்டரியிலும் வலைக் குண்டிலும் இருப்பது காரீயம். முன்னது சமையலுக்கு ஆகும், பின்னது விஷம். கன்னடத்தில் இந்தக் குழப்பம் இல்லை. காரீயத்துக்குச் 'சீச', வெள்ளீயத்துக்குத் 'தவர' என்று தனித்தனிப் பெயர். இதையெல்லாம் சொன்னேன். அவர் தலையாட்டினார். ஆனால் வீடு திரும்பும்போது எனக்குள் ஒரு கேள்வி முளைத்துவிட்டது. பெயரில் இவ்வளவு சுலபமாகக் கலக்கிற இரண்டு உலோகங்கள், பட்டறையில் கலக்காமல் இருக்குமா? வெள்ளீயம் விலை அதிகம், காரீயம் மலிவு. உருக்கினால் இரண்டும் நன்றாகக் கலந்துகொள்ளும். ரேடியோவுக்கு நாம் வைக்கும் பற்று, அதாவது சால்டர், இந்த இரண்டின் கலவைதானே!

தராசில் ஒரு சோதனை

கௌதள்ளி வீட்டில் என் மாமியார் காலத்துச் சொம்பு ஒன்று உண்டு. இன்னொன்றை என் மகள் கல்யாணத்துக்கு நானே ஒரு கோயில் ஊர்க் கடைவீதியில் வாங்கிக் கொடுத்தேன். அது பெங்களூரில் அவள் வீட்டில் தினப்படி உபயோகத்தில் இருந்தது. 2025 பொங்கலுக்கு வரும்போது அதை எடுத்து வரச் சொன்னேன். காரணம் சொல்லவில்லை.

ஆர்க்கிமிடீஸ் செய்த அதே சோதனைதான். சமையலறை டிஜிட்டல் தராசில் முதலில் சொம்பை நிறுத்தேன். பிறகு ஒரு சிறிய பிளாஸ்டிக் வாளியில் தண்ணீர் வைத்து, தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, சொம்பை நூலில் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் முழுதும் முங்கும்படி தொங்கவிட்டேன். உள்ளே காற்றுக் குமிழி நிற்கக் கூடாது. அப்போது தராசு காட்டும் கிராம், சொம்பு இடம்பெயர்த்த தண்ணீரின் எடை. முதல் எடையை இதனால் வகுத்தால் உலோகத்தின் அடர்த்தி கிடைத்துவிடும். சுத்த வெள்ளீயம் தண்ணீரைப் போல 7.3 மடங்கு கனம். காரீயம் 11.3 மடங்கு.

மாமியார் சொம்பு 612 கிராம், இடம்பெயர்ந்த தண்ணீர் 84 கிராம். வகுத்தால் 7.29. கிழவி ஏமாறவில்லை! மகளின் சொம்பு 540 கிராம், தண்ணீர் 66 கிராம். வகுத்தால் 8.18. மூன்று தடவை திரும்பத் திரும்பச் செய்தேன். விடை மாறவில்லை. கணக்குப் போட்டால் எடையில் பத்தில் மூன்று பங்கு காரீயம்.

இது வீட்டுச் சோதனைதான். வேறு உலோகம் கலந்திருந்தால் கணக்கு இடறும், ஆகவே பிறகு ஒரு பரிசோதனைக்கூடத்திலும் கொடுத்துப் பார்த்தோம். காரீயம் இருப்பது உறுதியாயிற்று. ஆனால் அன்று மாலையே எனக்குச் சந்தேகம் இல்லை. புளியும் தக்காளியும் எலுமிச்சையும் சேர்ந்த புளிப்பு, கொதி நிலையில், தினமும் அந்தச் சொம்பில் கிடந்திருக்கிறது. அதே ரசத்தைச் சாதத்தில் பிசைந்துதான் என் பேத்திக்கு ஊட்டியிருக்கிறார்கள். அவளுக்கு அப்போது நாலு வயது முடிந்திருந்தது.

மகளிடம் சொன்னபோது அவள் அழவில்லை, கோபப்படவும் இல்லை. "அப்பா, இது நீங்க வாங்கிக் கொடுத்தது" என்று மட்டும் சொன்னாள். காய்ச்சிய ஈயத்தைக் காதில் ஊற்றியது போல என்பார்களே, அதன் பொருள் எனக்கு அன்றுதான் விளங்கியது.

செல்லுக்குள் பறக்கும் பொறி

நான் டாக்டர் இல்லை. மின்பொறியியலில் டிப்ளமோ படித்தவன். இங்கே எழுதுவது, அந்த மாதங்களில் நான் தேடிப் படித்து, பேத்தியைப் பார்த்த டாக்டரிடம் கேட்டுத் திருத்திக்கொண்டது. காரீயம் உடம்புக்குள் போனால் என்ன செய்கிறது என்பதை நம்மில் பலரும் 'விஷம்' என்ற ஒரு சொல்லில் முடித்துவிடுகிறோம். அது எப்படி விஷம் என்று தெரிந்தால், ஏன் இத்தனை சிறிய அளவுக்கும் பயப்பட வேண்டும் என்பது புரியும்.

நாம் இழுக்கும் மூச்சிலுள்ள ஆக்ஸிஜனைக் கொண்டு, ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற குட்டி உலைகள் உணவை எரித்துச் சக்தி எடுக்கின்றன. எந்த எஞ்சினும் நூற்றுக்கு நூறு சுத்தமாக எரிப்பதில்லை. நீராவி எஞ்சின் ஓடிய காலத்தில், புகைபோக்கி வழியாகத் தீப்பொறி பறந்து வயலோரத்து வைக்கோல் போரில் விழாமல் இருக்க உள்ளே கம்பி வலை வைத்திருப்பார்கள். செல்லின் உலையிலிருந்தும் பொறி பறக்கிறது. சூப்பராக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு, எல்லாவற்றிலும் முரட்டுத்தனமான ஹைட்ராக்ஸில் ஆகியவை அந்தப் பொறிகள். எதைத் தொட்டாலும் அதிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கும் குணம் இவற்றுக்கு. செல்லின் கொழுப்புச் சுவரைத் தொட்டால் சுவர் கெடும், புரதத்தைத் தொட்டால் புரதம் கெடும், மரபுப் பொருளான டி.என்.ஏ.வைத் தொட்டால் அதிலும் வெட்டு விழும். இரும்பு துருப்பிடிப்பதும் இதே குடும்பத்துச் செயல்தான்.

இயற்கை இதற்கும் கம்பி வலை வைத்திருக்கிறது. அதில் முக்கியமான ஒன்று குளூட்டாதயோன். மூன்று அமினோ அமிலங்கள் கோத்த சிறு மூலக்கூறு. அதில் ஒரு கந்தக முனை நீட்டிக்கொண்டிருக்கும். பொறி பறந்து வந்தால் அந்த முனை தன் எலக்ட்ரானைக் கொடுத்து அதை அணைத்துவிடும். இரும்புத் தகட்டின் மேல் துத்தநாகம் பூசுகிறோமே, துத்தநாகம் தான் அரிபட்டு இரும்பைக் காக்கிறது அல்லவா, கிட்டத்தட்ட அந்த வேலை. இன்னும் சில என்சைம்களும் கூடவே காவல் காக்கின்றன. பொறியும் வலையும் சமமாக இருக்கும்வரை தொல்லை இல்லை. பொறி அதிகமாகி, அல்லது வலை கிழிந்து, சமநிலை போய்விட்டால் அதற்கு 'ஆக்ஸிடேடிவ் ஸ்ட்ரெஸ்' என்று பெயர். ஆக்ஸிஜனேற்ற அழுத்தம் என்று தமிழில் எழுதுகிறார்கள்.

இனிக் காரீயத்துக்கு வருவோம். இரும்பும் செம்பும் கட்டுக்கடங்காமல் போனால் தாங்களே பொறி கிளப்பும். காரீயம் அப்படிச் செய்வதில்லை. அது நெருப்பு வைக்கிற ஆள் அல்ல, தீயணைப்பு வாளியைத் திருடுகிற ஆள். பூமிக்குள் காரீயம் கிடைப்பதே பெரும்பாலும் கந்தகத்தோடு சேர்ந்த கலீனா என்ற தாதுவாகத்தான். கந்தகத்தைக் கண்டால் விடாத அந்தப் பிடி உடம்புக்குள் போனாலும் போவதில்லை. குளூட்டாதயோனின் கந்தக முனையைப் பிடித்துக்கொள்கிறது. பிடிபட்ட முனை பொறியை அணைக்க முடியாது. மற்றக் காவல் என்சைம்களின் கந்தக முனைகளுக்கும் இதே கதிதான். பாதரசமும் இப்படியே, சித்த வைத்தியத்தில் இலிங்கம் என்று சொல்லும் தாது, பாதரசமும் கந்தகமும் சேர்ந்ததுதானே. கேட்மியமும் ஆர்சனிக்கும் கந்தகத்தை விடாதவையே.

திருட்டு அதோடு நிற்கவில்லை. இரத்தத்தின் சிவப்புப் பொருளைச் செய்யும் வரிசையில் இரண்டாவது படியில் ஓர் என்சைம் இருக்கிறது. அதற்கு வேலை செய்ய ஒரு துத்தநாக அணு தேவை. காரீயம் அந்தத் துத்தநாகத்தைத் தள்ளிவிட்டுத் தான் உட்கார்ந்துகொள்கிறது. வேறு மரையுள்ள போல்ட்டைத் திணித்து இறுக்கியது போல. பார்த்தால் பொருந்தியது போலத் தெரியும், பாரம் ஏறினால் தாங்காது. அந்தப் படி அடைபட்டவுடன் இரண்டு கேடு. ஒன்று, இரத்தச் சோகை. மற்றொன்று, முதல் படியில் செய்யப்பட்ட பொருள் மேலே போக வழியின்றித் தேங்குகிறது. அமினோலெவுலினிக் அமிலம் என்று அதற்குப் பெயர். தேங்கிக் கிடக்கும்போது அது தானாகவே ஆக்ஸிஜனோடு வினைபுரிந்து புதிய பொறிகளைக் கிளப்புகிறது. ஆக ஒரு பக்கம் வாளி போயிற்று, மறுபக்கம் நெருப்புக்கு வைக்கோலும் சேர்ந்துவிட்டது.

இதில் மூளைக்குத்தான் அதிக ஆபத்து. உடல் எடையில் சுமார் 2 சதவீதம் உள்ள மூளை, நாம் இழுக்கும் ஆக்ஸிஜனில் சுமார் 20 சதவீதத்தைச் செலவழிக்கிறது. கொழுப்பு நிறைந்த உறுப்பு, காவலோ குறைவு. குழந்தையின் மூளையில் நரம்பு இணைப்புகள் உருவாகிக்கொண்டிருக்கும்போது, காரீயம் கால்சியம் போல வேஷம் போட்டு அங்கே நுழைகிறது. நரம்புகள் ஒன்றுக்கொன்று சேதி அனுப்புவதே கால்சியத்தை வைத்துத்தான். போதாக்குறைக்கு, பெரியவர் குடல் உணவிலுள்ள காரீயத்தில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோதான் உறிஞ்சும். சிறு குழந்தையின் குடல் பாதி வரை உறிஞ்சிவிடும். இரும்புச் சத்து குறைந்த குழந்தை என்றால் இன்னும் அதிகம், ஏனென்றால் இரும்புக்காகத் திறந்து வைத்த கதவிலேயே காரீயமும் நுழைகிறது.

பெரியவர்களுக்கும் தப்பில்லை. இரத்தக் குழாயைத் தளர்த்தி வைப்பது நைட்ரிக் ஆக்சைடு என்ற சிறு மூலக்கூறு. மிஞ்சிப் பறக்கும் சூப்பராக்சைடு அதைப் பிடித்து அழித்துவிடுவதால் குழாய் இறுகுகிறது. காரீயத்தால் இரத்த அழுத்தம் ஏறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இரத்தத்திலுள்ள காரீயம் ஒரு மாதத்துச் சொச்சத்தில் பாதியாகும். ஆனால் எலும்பில் போய்ச் சேர்ந்தது அங்கே பத்து, இருபது ஆண்டுகளுக்கு மேலும் தங்கும். கர்ப்ப காலத்தில் தாயின் எலும்பிலிருந்து கால்சியம் கரையும்போது, பழைய காரீயமும் கூடவே கரைந்து குழந்தைக்குப் போகும்.

பெங்களூர் சொன்ன செய்தி

இது தெரியாத ஊரின் கதை அல்ல. 1990-களின் கடைசியில் பெங்களூரைச் சேர்ந்த ஜார்ஜ் ஃபவுண்டேஷன் 'ப்ராஜெக்ட் லெட் ஃப்ரீ' என்ற பெயரில் நம் நாட்டின் பெருநகரங்களில் இரத்தப் பரிசோதனை நடத்தியது. செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் உயிர்வேதியியல் பேராசிரியராக இருந்த டாக்டர் துப்பில் வெங்கடேஷ் அதில் முக்கியப் பங்கு வகித்தார். நகரக் குழந்தைகளில் 12 வயதுக்கு உட்பட்டவர்களில் பாதிப் பேருக்கு மேல், சரியாகச் சொன்னால் 51 சதவீதத்தினருக்கு, ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் காரீயம் 10 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தது. 1999 பிப்ரவரியில் பெங்களூரில் நடந்த சர்வதேச மாநாட்டில் இந்த விஷயம் விரிவாகப் பேசப்பட்டது. அன்றைக்கு முதல் குற்றவாளி பெட்ரோல். எஞ்சின் தட்டாமல் ஓடப் பெட்ரோலில் காரீயச் சேர்மம் கலந்து வந்தார்கள். 2000 பிப்ரவரி 1 முதல் நாடு முழுவதும் காரீயமில்லாப் பெட்ரோலே விற்பனையாகிறது. உலகிலேயே கடைசியாக 2021-இல் அல்ஜீரியா அதை நிறுத்தியது. பெங்களூர் செயின்ட் ஜான்ஸில் காரீய நச்சுக்கான தேசிய ஆலோசனை மையமும் வெங்கடேஷ் அவர்களின் முயற்சியால் உருவானது.

பெட்ரோல் போனதும் பிரச்சினை போயிற்று என்று நானும் நினைத்திருந்தேன். 2020-இல் யுனிசெஃப் வெளியிட்ட அறிக்கையைப் படித்தபோது அந்த நினைப்பு போயிற்று. உலகில் சுமார் 80 கோடிக் குழந்தைகளுக்கு இரத்தத்தில் காரீயம் 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருப்பதாக அதில் மதிப்பிட்டிருக்கிறார்கள். அதில் 27 கோடிக்கும் மேற்பட்டோர் நம் நாட்டவர். கொட்டகைக்குப் பின்னால் பேட்டரி உருக்குவது, பெயின்ட், மசாலா, பாத்திரம் என்று காரணங்களின் வரிசை நீள்கிறது. வங்காளதேசத்தில் மஞ்சளுக்குப் பளிச்சென்ற நிறம் வர லெட் குரோமேட் பூசியதை 2019-இல் ஆராய்ச்சியாளர்கள் வெளிக்கொண்டு வந்தார்கள். அரசு கண்டிப்பாக நடந்துகொண்டதால் அங்கே அது பெரும்பாலும் நின்றது. நியூஜெர்சியில் 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், அங்கும் இந்தியாவிலும் கடைகளில் வாங்கிய 118 சிந்தூர மாதிரிகளில் சுமார் 80 சதவீதத்தில் காரீயம் இருந்தது. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்து வீட்டில் செய்த குங்குமத்துக்கு இந்தப் பழி இல்லை.

பாதரசத்துக்கு நம்மவர் கதை கொடைக்கானல். அமெரிக்காவிலிருந்து பெயர்த்து வந்த தெர்மாமீட்டர் தொழிற்சாலை 1980-களில் அங்கே தொடங்கியது. பாதரசம் ஒட்டிய கண்ணாடிக் கழிவு ஊருக்குள் பழைய சாமான் கிடங்கில் கிடந்தது தெரியவந்து 2001-இல் ஆலை மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கும் ஹிந்துஸ்தான் யுனிலீவர் நிறுவனத்துக்கும் இடையே உடன்பாடு ஏற்பட்டது 2016-இல்தான். பதினைந்து வருஷம்!

அளவும் மருந்தும்

பேத்தியின் இரத்தத்தைச் சோதித்தோம். 11 மைக்ரோகிராம். நான் பள்ளியில் படித்த காலத்தில் இதை யாரும் பொருட்படுத்தியிருக்க மாட்டார்கள், அறுபது வரை போகலாம் என்று இருந்தது. அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் கவலைப்பட வேண்டிய எல்லையை 1991-இல் 10 ஆகவும், 2012-இல் 5 ஆகவும், 2021-இல் 3.5 ஆகவும் இறக்கியது. பயமில்லாத அளவு என்று ஒன்று தெரியவில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து.

மருந்து உண்டா என்று கேட்டேன். உண்டு. சக்சைமர் என்ற மருந்தில் இரண்டு கந்தக முனைகள் இருக்கின்றன. காரீயத்தின் கந்தக ஆசையை வைத்தே அதைப் பிடித்துச் சிறுநீரில் வெளியே கொண்டுவருவார்கள். ஆனால் குழந்தைகளுக்குப் பொதுவாக 45 மைக்ரோகிராம் தொட்டால்தான் கொடுப்பது. குறைந்த அளவில் கொடுத்தால் மூளைக்குப் பலன் இருப்பதாக நிரூபணம் இல்லை. ஆகவே டாக்டர் எழுதிக் கொடுத்தது எளிய சீட்டு: சொம்பை நிறுத்துங்கள், இரும்புச் சத்து டானிக், கீரை, மூன்று மாதம் கழித்து மறுபடி இரத்தம். பேத்திக்கு ஹீமோகுளோபினும் குறைவாகத்தான் இருந்தது. ராகியில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு என்பதால், கௌதள்ளி ராகிக்குப் பெங்களூர் வீட்டில் புது மரியாதை வந்தது. ஆன்ட்டி ஆக்ஸிடன்ட் மாத்திரை என்று விளம்பரத்தில் வருகிறதே, வாங்கட்டுமா என்றேன். "ஓட்டையை அடைக்காமல் தண்ணீரை இறைத்து என்ன சார் பிரயோஜனம்?" என்றார்.

மூன்று மாதத்தில் 7 ஆயிற்று. "அவள் எழுத்துக் கூட்ட மெதுவாக இருக்கிறாளே, இதனால்தானா?" என்று மகள் டாக்டரிடம் கேட்டாள். ஆயிரம் குழந்தைகளைச் சேர்த்துப் பார்த்தால் வித்தியாசம் சொல்லலாம், ஒரு குழந்தையைக் காட்டிக் கேட்டால் யாராலும் சொல்ல முடியாது என்றார். நேர்மையான பதில். ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒரு தாய் எப்படித் தூங்குவாள்?

எனக்கும் தூக்கம் போயிற்று, வேறு காரணத்தால். 1980-களில் நான் வேலை பார்த்த ஓரிடத்தில் ரயில் பெட்டி விளக்குகளுக்கான பேட்டரிப் பிரிவு என் பொறுப்பில் இருந்தது. 24 வோல்ட் பெட்டிக்குப் பன்னிரண்டு செல். செல்களை இணைக்கக் காரீயத்தை ஊதுகுழல் நெருப்பில் உருக்கிப் பற்ற வைப்போம். வெறும் கை, வெறும் மூக்கு. பக்கத்துக் கொட்டகையில் இரும்புக்குச் சிவப்பு ஈயப் பூச்சு அடிப்பார்கள். அதே காக்கிச் சட்டையோடு வீட்டுக்கு வருவேன். வாசலிலேயே மகள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்வாள். என் மனைவி அந்தச் சட்டையைக் கல்லில் அடித்துத் துவைப்பாள். வேலை உடுப்பை வேலையிடத்திலேயே மாற்றி, குளித்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. வெல்லமும் மோரும் சாப்பிட்டால் ஈயம் இறங்கிவிடும் என்று ஒரு நம்பிக்கை மட்டும் இருந்தது. எனக்கு இரத்த அழுத்த மாத்திரை 42 வயதில் தொடங்கியது. எதனால் என்று டாக்டரைப் போலவே நானும் சொல்ல முடியாது.

நம் அங்கத்தினர் பலர் பேட்டரிக் கடை, பெயின்ட் வேலை, வெல்டிங், நகைப் பட்டறை, எலெக்ட்ரானிக்ஸ் ரிப்பேர் என்று இருக்கிறீர்கள். உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது அந்தச் சட்டை விஷயம்தான். குழந்தையைத் தூக்குவதற்கு முன்னால் மாற்றிவிடுங்கள். அதைத் தனியாகத் துவையுங்கள். கூட்டிப் பெருக்கினால் தூசி பறக்கும், ஈரத்துணியால் துடையுங்கள். மகனுக்கோ மகளுக்கோ அமெரிக்காவுக்கும் சிங்கப்பூருக்கும் பெட்டியில் ரசச் சொம்பு வைத்து அனுப்பும் அம்மாக்கள், அனுப்புவதற்கு முன் நான் சொன்ன வாளிச் சோதனையைச் செய்து பாருங்கள். 7.3-க்கு மேலே போனால் பரிசோதனைக்கூடத்தில் கொடுத்துப் பார்க்காமல் அதில் ரசம் வைக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் குழந்தைக்கு இரத்தம் பாருங்கள். எங்கள் பேத்திக்கு ஊசி குத்திய அந்த ஒரு நிமிஷ அழுகைதான் மொத்தக் கஷ்டம்.

மறுபடி கௌதள்ளி போனபோது கொட்டகைக்காரரைத் தேடிப் போனேன். உங்கள் கேள்வியால்தான் என் பேத்தியைக் கவனித்தோம் என்றேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. விவரம் சொன்னதும் சட்டியை ஒரு தடவை பார்த்தார், பையனை ஒரு தடவை பார்த்தார். அவனுக்கும் இரத்தம் பார்க்க நான் கூட வருகிறேன் என்று சொன்னதற்கு, "சந்தைக்குப் போகாத நாளாப் பாத்துப் போலாமுங்க" என்றார். இன்னும் போகவில்லை. அடுத்த முறை நானே ஆட்டோ வைத்துக்கொண்டு போவதாக இருக்கிறேன். சட்டி மட்டும் ஊருக்கு வெளியே, குழந்தைகள் நடமாட்டம் இல்லாத இடத்துக்குப் போய்விட்டது.

"அந்தச் சொம்பைக் குடுத்துருங்க அய்யா, நல்ல கனம், நாப்பது குண்டு வரும்" என்று கேட்டார். கொடுக்கவில்லை. பழைய பாத்திரக்காரருக்குப் போட்டுவிடலாம் என்று பார்த்தால் என் மனைவி விடவில்லை. "அவர் உருக்குவார், அது இன்னொரு வீட்டுச் சொம்பா வரும்" என்றாள். தகரப் பெட்டியில் போட்டு, மேலே 'சமையலுக்கு அல்ல' என்று தமிழிலும் கன்னடத்திலும் எழுதி, மைசூர் வீட்டுப் பரண்மேல் வைத்திருக்கிறேன்.